திங்கட்கிழமை ராஜாவும் சில மேதாவிகளும்

ரெண்டு வாரமாக ஒரு பதிலை எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். இன்னிக்கு எழுதிடறேன். நீளமா இருக்கும், பொறுமை இல்லாதவங்க நேரா கடைசிப் பத்திக்குப் போயிடலாம் :-)

விஷயம் இதுதான். பழைய அமெரிக்க மல்யுத்தம் பற்றி நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அதில் ஜெர்ரி லாலர் என்பவர் 'சதர்ன் ஹெவிவெயிட்' என்ற ஒரே பட்டத்தை ஐம்பது தடவைக்கு மேல் ஜெயித்ததாக ஒரு வரி. அவ்வளவுதான். பின்னூட்டத்தில் கும்மி ஆரம்பிச்சிருச்சு. ஒரு கோஷ்டி, "எல்லாமே முன்கூட்டிப் பேசி வெச்ச நாடகம், இதுக்குப் போய் பட்ட வரலாறா?" என்றது. இன்னொரு கோஷ்டி, "ஐம்பது தடவை ஜெயிச்சான்னா நாப்பத்தொன்பது தடவை தோத்திருக்கான்னு அர்த்தம், இவனெல்லாம் ராஜாவா?" என்று சிரிப்பான் போட்டது. மூணாவது கோஷ்டிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. "ஹல்க் ஹோகனுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் லோக்கல் திருவிழா ரேஞ்ச், அதுக்கெல்லாம் வரலாறு தேவையில்லை" என்று தீர்ப்பே எழுதிட்டாங்க.

மூணு பேருக்கும் ஒண்ணொண்ணாச் சொல்றேன்.

முதலில் நாடகம் கோஷ்டி. ஆமா சாமி, நாடகம்தான். யார் ஜெயிக்கணும்னு மேட்ச்சுக்கு முன்னாடியே முடிவாயிடும். இதைக் கண்டுபிடிச்சதுக்காக யாரும் மெடல் தரப் போறதில்லை. பதினெட்டாம் போர் கூத்துல துரியோதனன் வேஷம் கட்டினவர் காலையில எழுந்து டீ குடிக்கப் போறார் என்பதும்தான் எல்லாருக்கும் தெரியும். அதனால கூத்துக்கு வரலாறு கிடையாது, எந்த ஊர்ல எந்த ஜமா ஆடிச்சுன்னு எழுதக் கூடாதுன்னு யாராவது சொல்லுவோமா? துரியோதனன் செத்தது பொய். விடிய விடிய ஊரே உட்கார்ந்து பார்த்தது நிஜம். வரலாறு அந்த ரெண்டாவது விஷயத்தைப் பற்றியது.

சதர்ன் பட்டத்தின் வரலாறும் அப்படித்தான். அதை 'யார் யாரை அடிச்சான்' என்ற கணக்காகப் படிச்சா சிரிப்புதான் வரும். அது வேற கணக்கு. என்ன கணக்குன்னு தெரியணும்னா மெம்பிஸ் நகரத்துக்குப் போகணும்.

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் டென்னஸி மாநிலத்து ஊர் மெம்பிஸ். பருத்தி வியாபாரத்தால் வளர்ந்த ஊர். எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த ஊர் என்றால் சட்டென்று புரியும். 1980களின் நடுப்பகுதி வரைக்கும் அமெரிக்க மல்யுத்தம் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு புரமோட்டர். அவர் ஏரியாவுக்குள் இன்னொருத்தர் ஷோ போடக் கூடாது. 1948-ல் அயோவா மாநிலம் வாட்டர்லூவில் சில புரமோட்டர்கள் கூடி ஆரம்பித்த என்.டபிள்யூ.ஏ. என்ற சங்கம்தான் இந்த எல்லைக் கோடுகளைக் காப்பாற்றியது. உலக சாம்பியன் ஒருத்தர், அவர் ஊர் ஊராகச் சுற்றுவார். அவர் வராத நாளில் கூட்டம் சேர்க்க ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சொந்தமாக ஒரு பட்டம். டென்னஸிக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்கும் வாய்த்தது சதர்ன் பட்டம். ஆரம்பத்தில் அது 'சதர்ன் ஜூனியர் ஹெவிவெயிட்'. அப்புறம் ஜூனியர் போயிற்று. அப்புறம் 1970களின் கடைசியில் முன்னால் ஒட்டியிருந்த என்.டபிள்யூ.ஏ. போய், மினியாபொலிஸ்காரர் வெர்ன் கான்யேவின் ஏ.டபிள்யூ.ஏ. ஒட்டிக்கொண்டது. பேர்ப் பலகைதான் மாறியது, கடை அதேதான்.

கடை எப்படி நடந்தது என்பதில்தான் ரகசியமே இருக்கு. நாடகம் கோஷ்டி தயவுசெய்து இதைக் கவனமாப் படிக்கணும்.

சனிக்கிழமை காலையில் மெம்பிஸ் ஐந்தாம் சேனலில் ஒன்றரை மணி நேரம் நேரடி ஒளிபரப்பு. வர்ணனைக்கு லான்ஸ் ரஸ்ஸல், கூடவே டேவ் பிரவுன். இந்த டேவ் பிரவுன் அதே சேனலில் வானிலை அறிக்கை வாசிப்பவர். நாளைக்கு மழை வருமான்னு சொல்ற அதே மனுஷன்தான் திங்கட்கிழமை பெல்ட் கை மாறுமான்னும் சொல்றார். ஊர் நம்பாம என்ன செய்யும்? ஸ்டூடியோவில் யாராவது யாரையாவது வம்புக்கு இழுப்பாங்க. முதுகில் நாற்காலி விழும். துரோகம் நடக்கும். "திங்கட்கிழமை வாடா பார்த்துக்கறேன்" என்பதோடு நிகழ்ச்சி முடியும். திங்கட்கிழமை ராத்திரி மிட்-சவுத் கொலீசியத்தில் அந்தச் சண்டை. பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கம். செவ்வாய்க்கிழமை லூயிவில். மெம்பிஸிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர், காரில்தான் போகணும். புதன்கிழமை இந்தியானா மாநிலத்து எவன்ஸ்வில். மற்ற நாட்களில் சின்னச் சின்ன ஊர்கள். சனிக்கிழமை காலை மறுபடி மெம்பிஸ் ஸ்டூடியோ. வருஷம் முழுக்க இதே செக்குமாட்டுச் சுற்று.

இப்போ புரியுதா? ஒரே ஊர், ஒரே அரங்கம், கிட்டத்தட்ட ஒரே ஜனங்கள், வருஷத்துக்கு ஐம்பது திங்கட்கிழமை. போன வாரம் காசு கொடுத்து வந்தவன் இந்த வாரமும் வரணும். ஏன் வரணும்? ஏதாவது முடியாம பாக்கி இருக்கணும். அதுக்குத்தான் பெல்ட். இந்த வாரம் வில்லன் ஏமாத்தி பெல்ட்டைப் பறிச்சுக்கிட்டான், அடுத்த வாரம் மறுபடி மோதல். அதில் தகுதியிழப்பு, பெல்ட் கை மாறலை. அதுக்கு அடுத்த வாரம் கூண்டுக்குள் சண்டை. கடைசியில் 'தோத்தவன் ஊரை விட்டே போகணும்' சண்டை. ஒரு கதைக்கு நாலஞ்சு வாரம். ஒரு வருஷத்துக்கு எத்தனை கதை வேணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. பெல்ட் அடிக்கடி கை மாறினதுக்கு யாரோட பலவீனமும் காரணமில்லை. காலண்டர்தான் காரணம்.

ரெண்டாவது கோஷ்டிக்கு இதிலேயே பதில் இருக்கு. ஹல்க் ஹோகன் 1984 ஜனவரி முதல் 1988 பிப்ரவரி வரை 1,474 நாள் சாம்பியனாக இருந்தார், அதனால் அவர் பெரிய ஆள். லாலர் ஐம்பது தடவை தோற்றார், அதனால் சின்ன ஆள். இதுதானே உங்க வாதம்? ஹோகன் நாடு முழுக்கச் சுற்றியவர். உங்க ஊருக்கு வருஷத்துக்குச் சில தடவைதான் வருவார். வர்ற அன்னிக்கு சாம்பியனா வந்து, சாம்பியனாவே போகணும். தோத்துட்டா அடுத்த ஊரில் டிக்கெட் வித்தவன் கதி என்ன? அவர் பெல்ட்டை நாலு வருஷம் வெச்சிருந்ததுக்கும் டூர் புரோகிராம்தான் காரணம். பட்டத்தை எத்தனை நாள் வெச்சிருந்தான் என்பதை வெச்சு ஆளை எடை போடுவது, எக்ஸ்பிரஸ் ரயிலையும் டவுன் பஸ்ஸையும் எத்தனை நிறுத்தத்தில் நின்னுச்சுன்னு ஒப்பிட்டு "டவுன் பஸ் ஓட்டத் தெரியாதவன்" என்று சொல்ற மாதிரி.

அதே ஊர் ஜனங்களை வாரா வாரம், வருஷக் கணக்கில் வரவழைப்பது எவ்வளவு கஷ்டம்னு நமக்குத் தெரியாதா? வாரம் ஒரு பதிவு எழுதவே நமக்கு நாக்கு தள்ளுது!

சரி, இந்தப் பட்டம் கூட்டத்தின் கணக்குதான் என்பதுக்கு என்ன ஆதாரம்? ரெண்டு சம்பவம் சொல்றேன்.

1970களில் டென்னஸியின் பெரும்பகுதி நிக் குலாஸ், ராய் வெல்ச் என்ற ரெண்டு பேரின் கையில் இருந்தது. மெம்பிஸ் பக்கத்தை அவர்களுக்காக நடத்தியவர் ஜெர்ரி ஜாரட். இவருடைய அம்மா கிறிஸ்டின் ஜாரட் டிக்கெட் வேலையிலேயே இருந்து தொழில் பழகியவர். குலாஸுக்கு ஒரு மகன், ஜார்ஜ். அப்பா மகனை ஸ்டார் ஆக்கியே தீரணும்னு நின்னார். எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கா? :-) மகனுக்காக யாரும் டிக்கெட் வாங்கவில்லை. அவனை மெம்பிஸ் ஷோக்களில் ஏற்ற ஜாரட் மறுத்தார். 1977-ல் ரெண்டாகப் பிரிந்தது. லாலர் ஜாரட் பக்கம் போனார், கூடவே கூட்டமும் போயிற்று. நாஷ்வில்லில் உட்கார்ந்திருந்த குலாஸ் சில வருஷத்தில் கடையைச் சாத்தினார். இத்தனைக்கும் பழைய கம்பெனி, பழைய பட்டங்கள், சங்கத்து முத்திரை எல்லாம் அவர்கிட்டத்தான் இருந்தது. நாடகம்தானே, யாரை வேணும்னாலும் ராஜா ஆக்கலாமே? ஆக்க முடியலையே! ரிங்குக்குள் யார் ஜெயிக்கணும்னு புரமோட்டர் முடிவு பண்ணலாம். டிக்கெட் கவுண்டரில் யார் ஜெயிக்கணும்னு அவரால் முடிவு பண்ண முடியாது.

ரெண்டாவது சம்பவம் 1980. அந்த வருஷம் ஜனவரியில் கால்பந்து விளையாடப் போய் லாலர் காலை நிஜமாகவே உடைச்சுக்கிட்டார் (அவங்க ஊர் கால்பந்து, முட்டை வடிவப் பந்து). கிட்டத்தட்ட வருஷம் முழுக்க ரிங் பக்கமே வரமுடியலை. அவருக்கு மேனேஜராக இருந்த ஜிம்மி ஹார்ட் அந்த நிமிஷமே கட்சி மாறி வில்லன் ஆனார். ஆமா, நம்ம காலத்து டபிள்யூ.டபிள்யூ.எஃப்-ல மெகாஃபோனோட கத்திக்கிட்டே ஓடுவாரே, அதே ஜிம்மி ஹார்ட்தான். அந்த வருஷம் முழுக்க பட்டம் அவன் கைக்கும் இவன் கைக்கும் அலைந்தது. பட்டியலில் பார்த்தா வெறும் பேர்கள். பேர்களுக்குப் பின்னால் என்ன இருக்கு? வரவேண்டியவன் வரலை, ஊர் காத்திருக்கு என்பதுதான் இருக்கு. எலும்பு முறிந்தது நிஜம். அதைக் கதையாக்கி ஒரு வருஷம் ஓட்டினது தொழில். இதில் எங்கே முடியுது நிஜம், எங்கே ஆரம்பிக்குது நாடகம்? கோடு போட்டுக் காட்டுங்க பார்ப்போம்.

இந்தக் கோட்டை அழிச்சு நாடு முழுக்க ஏமாத்தினதும் இதே ஊர்தான். 1982-ல் ஆண்டி காஃப்மன் என்ற டி.வி. நகைச்சுவை நடிகர் மெம்பிஸுக்கு வந்தார். மேடைகளில் பெண்களோடு மல்யுத்தம் போட்டு, தன்னை ஜெயிக்கிற பெண்ணுக்கு ஆயிரம் டாலர் என்று சவால் விட்டுக்கொண்டிருந்தவர். ஏப்ரல் 5-ம் தேதி, வேற என்ன, திங்கட்கிழமைதான், கொலீசியத்தில் லாலர் அவரைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் இறக்கினார். கழுத்துப்பட்டையோடு திரிந்த காஃப்மனுக்கு ஜூலையில் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் லாலர் விட்ட அறையை நாடே பார்த்தது. 1984-ல் காஃப்மன் இறந்துபோனார். ரெண்டு பேரும் பேசி வெச்சு ஆடினது என்பது வெளியே வர அதற்குப் பிறகும் பல வருஷம் ஆச்சு. நியூயார்க் பத்திரிகைக்காரனுக்கே பிடிபடாத நாடகம் ஐயா அது. நீங்க இன்னிக்கு வந்து "ஃபேக்" என்று ஒரு வார்த்தையில் முடிச்சிட்டுப் போறீங்க.

"சரி, இதெல்லாம் வியாபாரம்தானே, இதில் மெனக்கெட என்ன இருக்கு?" என்று கேட்பவங்களுக்கு அதே ஊரின் பழைய கதை ஒண்ணு. லாலருக்கு முந்தின தலைமுறை.

1950களின் கடைசியில் மெம்பிஸில் ஸ்புட்னிக் மன்ரோ என்று ஒரு வெள்ளைக்கார வில்லன். ரஷ்யா அப்போதான் ஸ்புட்னிக் விட்டிருந்த நேரம், அமெரிக்கனுக்கு எரிச்சல் மூட்ட அதை விடப் பொருத்தமான பேர் கிடைக்குமா? அன்றைக்கு எல்லிஸ் ஆடிட்டோரியத்தில் கறுப்பின மக்கள் மேல் மாடத்தில் தனியாகத்தான் உட்காரணும். கீழே எத்தனை நாற்காலி காலியாக இருந்தாலும் வரக் கூடாது. மன்ரோ கறுப்பர்கள் புழங்கும் பீல் தெருவில் போய் அவங்களோடு உட்கார்ந்து குடித்தார், டிக்கெட் கொடுத்தார். போலீஸ் பிடித்தது. கறுப்பின வக்கீலை வைத்து வாதாடினார், அபராதம் கட்டினார், மறுபடி அதே தெருவுக்குப் போனார். அவருக்காகவே கறுப்பின ரசிகர்கள் குவிந்தாங்க. மாடம் நிரம்பி வழிந்தது. வெளியே டிக்கெட் கிடைக்காமல் கூட்டம் நின்றது. அவங்களைக் கீழே உட்காரவிடலைன்னா நான் ரிங் ஏறமாட்டேன் என்றார் மன்ரோ. விட்டாங்க.

புரமோட்டர் மனம் திருந்தியா விட்டார்? வெளியே நிற்கிற காசைப் பார்த்து விட்டார். மன்ரோவும் மகாத்மா இல்லை, அவருக்கும் கூட்டம் வந்தால்தான் வருமானம். ஆனா அந்த அரங்கத்தில் வெள்ளைக்காரனுக்குப் பக்கத்து நாற்காலியில் கறுப்பன் உட்கார்ந்தான், அது நிஜம். 1959 ஆகஸ்டில் ரஸ்வுட் பார்க் பேஸ்பால் மைதானத்தில் மன்ரோவும் உள்ளூர் ஹீரோ பில்லி விக்ஸும் மோதினாங்க. நடுவராக வந்தவர் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்ற குத்துச்சண்டை உலக சாம்பியன் ராக்கி மார்சியானோ. சண்டை யார் ஜெயிப்பது என்பது பேசி வைத்தது. யார் எங்கே உட்காருவது என்பதை யாரும் பேசி வைக்கலை, அதைப் போராடித்தான் வாங்கினாங்க. இதே மெம்பிஸில்தான் 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார், துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வந்திருந்தபோது. அந்த ஊரில், அதற்குப் பல வருஷம் முன்னாடி, ஒரு 'போலிச் சண்டை' அரங்கம் இந்த வேலையைச் செய்திருக்கு. இதையும் வரலாறு இல்லைன்னு ஒதுக்கிடுவீங்களா?

இப்போ மூணாவது கோஷ்டி. ஹோகனுக்கு முன் எதுவும் இல்லை என்பவர்கள்.

இவங்க மேல் எனக்குக் கோபம் இல்லை. நம்மில் பாதிப் பேர் இந்த உலகத்துக்குள் வந்ததே டிரம்ப் கார்டு வழியாகத்தான். உயரம், எடை, மார்பு, மோதிய சண்டை, ஜெயித்த சண்டை என்று அச்சடித்திருந்த எண்களை மனப்பாடம் செய்த தலைமுறை. எண்தான் வரலாறு என்ற புத்தி அங்கேயே ஒட்டிக்கிச்சு. அதனால் அந்தக் கம்பெனியின் எண்களைப் பற்றியே ஒண்ணு சொல்றேன்.

டபிள்யூ.டபிள்யூ.எஃப். இன்டர்கான்டினென்டல் பட்டம் தெரியும்தானே? ரேஸர் ரமோன், ஷான் மைக்கேல்ஸ், பிரெட் ஹார்ட் எல்லாம் வெச்சிருந்தது. அதன் முதல் சாம்பியன் பாட் பேட்டர்சன். எப்படி ஆனார்? 1979 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த போட்டித் தொடரில் ஜெயித்தார் என்கிறது கம்பெனியின் பட்டியல். அப்படி ஒரு போட்டி நடக்கவே இல்லை! ரியோவில் அரங்கமும் இல்லை, டிக்கெட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. முழுக் கற்பனை. இதைப் பிற்பாடு அவங்களே சிரித்துக்கொண்டு ஒத்துக்கிட்டாங்க, பட்டியலில் மட்டும் அது அப்படியே இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. மெம்பிஸ் சண்டையில் முடிவு மட்டும்தான் முன்கூட்டிப் பேசினது. அரங்கம் நிஜம், ரத்தம் நிஜம், காசு கொடுத்து வந்த ஜனம் நிஜம். ரியோவில் சண்டையே இல்லை. ஆனா நம்ம ஊர்க்காரங்களுக்கு ரியோ பட்டம் 'சரித்திரம்', மெம்பிஸ் பட்டம் 'லோக்கல்'. பெரிய கம்பெனி சொன்ன பொய்க்குப் பேர் வரலாறு, சின்ன ஊர் நடத்தின நாடகத்துக்குப் பேர் போலி. என்னய்யா நியாயம் இது?

இதில் இன்னொரு கூத்து. அந்த இன்டர்கான்டினென்டல் பட்டத்தை 1987-88-ல் 454 நாள் வெச்சிருந்து, 2023-ல் குந்தர் முறியடிக்கும் வரைக்கும் சாதனையாளராக இருந்த ஹாங்கி டாங்க் மேன் யார்? மெம்பிஸில் தொழில் கற்றவர், லாலருக்கு உறவுக்காரர். மாச்சோ மேன் ராண்டி சாவேஜ்? லாலரோடு மெம்பிஸில் மல்லுக்கட்டி, 1985 ஜூனில் 'தோத்தவன் ஊரை விட்டுப் போகணும்' சண்டையில் தோற்று, நேராக டபிள்யூ.டபிள்யூ.எஃப். போனவர். அண்டர்டேக்கர்? 1989 ஏப்ரலில் 'மாஸ்டர் ஆஃப் பெயின்' என்ற முகமூடிக்குள் லாலரை ஜெயித்தவர். ஸ்டீவ் ஆஸ்டினுக்கு அந்தப் பேரை வெச்சதே மெம்பிஸ் வட்டாரத்து டச் மான்டெல். ராக்? 1996-ல் 'ஃப்ளெக்ஸ் கவானா' என்ற பேரில் அங்கேதான் பழகினார். அவருடைய அப்பா ராக்கி ஜான்சன் அதே ஊரில் லாலரோடு மோதியவர். உங்க டிரம்ப் கார்டுக் கட்டில் பாதி மெம்பிஸில் அச்சடிச்சது சார்!

அந்த லாலர் டபிள்யூ.டபிள்யூ.எஃப்-ல் வாங்கின பட்டம் எத்தனை? பூஜ்யம். டிரம்ப் கார்டு கணக்குப்படி அவர் ஒண்ணுமே இல்லாதவர்.

கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிடறேன். 1982-ல் வின்ஸ் மக்மேன் அப்பாவின் கம்பெனியை வாங்கினார். அடுத்த சில வருஷத்தில் கேபிள் டி.வி. துணையோடு வட்டார எல்லைகளை உடைத்து உள்ளே வந்தார். வட்டாரங்கள் ஒண்ணொண்ணாகச் சாய்ந்தன. மெம்பிஸ் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப் பிடித்தது. 1988 மே மாசம் கொலீசியத்தில் கர்ட் ஹென்னிக்கை ஜெயித்து லாலர் ஏ.டபிள்யூ.ஏ. உலக சாம்பியன் ஆனார். அதே டிசம்பரில் சிகாகோவில் டெக்ஸாஸ்காரர் கெர்ரி வான் எரிக்கையும் ஜெயித்து ரெண்டு உலகப் பட்டத்தை ஒண்ணாக்கினார். அந்த ஷோவுக்கான பணம் தரலைன்னு தகராறு. 1989 ஜனவரியில் கான்யே அவருடைய பட்டத்தைப் பறித்தார். அதற்குள் பழைய சதர்ன் பட்டத்தையும் மூட்டை கட்டியாச்சு. 'ஒருங்கிணைந்த உலகப் பட்டம்' என்று புதுப்பேர். உலகம் சுருங்கச் சுருங்கப் பட்டத்தின் பேர் மட்டும் பெருத்துக்கொண்டே போனது. 1997-ல் அந்தக் கம்பெனியும் முடிந்தது. கொலீசியத்தை 2006-ல் மூடினாங்க.

இங்கேயே நிறுத்தினா "ஆஹா, அந்தக்காலம் பொற்காலம்" கோஷ்டி கைதட்டும். அவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கேன்.

பொற்காலமெல்லாம் ஒண்ணும் இல்லை. என்.டபிள்யூ.ஏ. என்பது முதலாளிகளின் கூட்டணி. ஒரு புரமோட்டரைப் பகைச்சுக்கிட்டா மற்ற வட்டாரத்திலும் வேலை கிடைக்காது. இது பொறுக்காமல் அமெரிக்க நீதித்துறையே தலையிட்டு 1956-ல் அவங்ககிட்ட எழுதி வாங்கியது. அதுக்கப்புறமும் பெருசா மாறலை. மல்லனுக்குச் சங்கம் கிடையாது, காப்பீடு கிடையாது. ராத்திரி ஷோ முடிஞ்சதும் புரமோட்டர் கையில் திணிக்கிறதுதான் கூலி. மெம்பிஸ் கூலி இருக்கே, அது மல்லர்கள் மத்தியில் பேர்போன கூலி. 600 கிலோமீட்டர் காரோட்டி வந்து அடிவாங்கினவன் பெட்ரோலுக்குப் போக மிச்சத்தை எண்ணிப் பார்த்து நொந்த கதைகள் ஏராளம். லாலரே பிற்பாடு தொழிலில் பங்குதாரர் ஆனவர். தானே முதலாளி, தானே ராஜா. மகனுக்காக அடம்பிடித்த குலாஸை விட்டுப் பிரிந்த ஜாரட்டின் மகன் ஜெஃப் ஜாரட்டும் 1986-ல் அதே ரிங்கில் ஏறினார். இதையெல்லாம் மறைச்சுட்டு ஏக்கப் பதிவு எழுதறதும் ரியோ மாதிரி ஒரு கற்பனைதான்.

அதனாலதான் பட்டியல் முக்கியம்னு திரும்பத் திரும்பச் சொல்றேன். அந்தப் பட்டியலைக் கம்பெனிகள் காப்பாத்தலை. 1970களின் டி.வி. நாடாக்களில் பெரும்பாலானவை அழிந்து போயின. நாடாவுக்குக் காசு ஆகுமே, மேலேயே பதிவு பண்ணிட்டாங்க. மிச்சம் இருந்தது பழைய செய்தித்தாள் விளம்பரம், அரங்கத்தில் விற்ற நோட்டீஸ், ரசிகர்கள் டைரியில் குறித்து வைத்த முடிவுகள். அதையெல்லாம் தோண்டி எடுத்துக் கோர்த்தவங்க ரசிகர்கள்தான். ராயல் டங்கனும் கேரி வில்லும் உலகம் முழுக்க உள்ள பட்டங்களின் வரலாற்றைத் தொகுத்துப் புத்தகமே போட்டாங்க. கம்பெனி 'இதுதான் சரித்திரம்' என்று தனக்குச் சாதகமானதை மட்டும் காட்டும்போது, "இல்லையே, அன்னிக்கு நாங்க அங்கே இருந்தோமே" என்று காட்ட ஜனங்க கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான். அதில் ஓட்டை இருக்கு, தேதி முரண் இருக்கு, ஒரு பட்டியலில் 49 என்றால் இன்னொன்றில் வேற எண் இருக்கு. இருக்கட்டும். ரியோவைவிட அது ஆயிரம் மடங்கு யோக்கியம்.

கடைசியா ஒரே ஒரு விண்ணப்பம். மல்யுத்தம் மட்டுமில்லை, பழைய டூரிங் டாக்கீஸ், நாடகக் கம்பெனி, உள்ளூர் கபடி என்று எதைப் பற்றி எழுதினாலும் இது பொருந்தும். "ஐம்பது தடவை ஜெயிச்சார்" என்று எண்ணை மட்டும் போடாதீங்க. எந்த ஊர், என்ன கிழமை, யார் எதிரே நின்னா, யார் எங்கே உட்கார்ந்தா, வாசலில் யார் கல்லாவில் இருந்தா, ஆடினவனுக்கு என்ன கொடுத்தாங்க, இதையும் சேர்த்து எழுதுங்க. எண்ணை எவன் வேணும்னாலும் அச்சடிப்பான், ரியோவில் கூட அச்சடிப்பான். மத்ததை ஊர்க்காரனிடம் கேட்டுத்தான் எழுதமுடியும். அந்த ஊர்க்காரன் இருக்கும்போதே கேட்டாகணும். ஜாக்கி ஃபார்கோ 2013-ல் போயிட்டார். 1974-ல் மெம்பிஸில் இவரைச் சாய்த்துத்தான் லாலர் ராஜா ஆனார். லான்ஸ் ரஸ்ஸல் 2017-ல் போயிட்டார். ஜெர்ரி ஜாரட் 2023-ல் போயிட்டார்.

பி.கு 1: "அப்போ அண்டர்டேக்கர் நிஜமாவே செத்துப் பொழச்சாரா?" என்று கேட்டு வரும் பின்னூட்டங்கள் வெளியிடப்பட மாட்டா :-)

பி.கு 2: மக்மேன் 1997-ல் 'கெட்ட முதலாளி' வேஷம் கட்டிப் பேர் வாங்கினாரே, அதுக்கு ஒத்திகை பார்த்ததும் மெம்பிஸ் டி.வி-யில்தான், 1993-ல், லாலருக்கு எதிராக. ஊரையே அழிக்க வந்த பெரிய கம்பெனி முதலாளி என்ற வேஷம். அதுக்கு நடிப்பே தேவைப்பட்டிருக்காது.